தூக்காதீங்க, உருட்டுங்க

மதுரை செல்லூரில் ஒரு தறிவீடு. முன்னறை முழுக்கத் தறி, பின்னால் தகரம் போட்ட பத்தி, பத்தியில் கயிற்றுக்கட்டில். கட்டிலில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோன நெசவாளி ஒருவர். அறுபத்தெட்டு வயது. நான் நர்சிங் டிப்ளமா முடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வார்டு பார்த்துவிட்டு, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு வந்த புதிது. காலையும் மாலையும் அந்த வீட்டுக்குப் போவேன். உடம்பு துடைத்து, துணி மாற்றி, முதுகைப் பக்குவம் பார்த்துவிட்டு வருவேன்.

முதுகுப் பக்குவம் என்று நான் செய்தது இதுதான். அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி, வால் எலும்பு இருக்கும் இடத்தில் வட்டவட்டமாகத் தேய்ப்பேன். காய்ந்ததும் பவுடர். சிவந்திருந்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன், ரத்த ஓட்டம் வரும் என்று. படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், நானும் அதை நல்ல கைப்பழக்கத்தோடு செய்தேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் போன பிறகு, ராத்திரி இரண்டு தடவை அவரும் அதே மாதிரி தேய்த்துவிடுவாராம். புருஷன்மேல் அவ்வளவு பிரியம்.

பன்னிரண்டாம் நாள் தோல் உரிந்தது. இருபதாம் நாள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். ஒரு மாதத்தில் அந்தக் குழியில் என் கட்டைவிரல் நுழையும். அந்த வருஷம் ஐப்பசியில் அவர் இறந்துபோனார். புண்ணால் இறந்தார் என்று சொல்ல முடியாது. புண்ணோடு இறந்தார்.

சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சதை நசுங்கி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டதன் அடையாளமாகத்தான் தோல் சிவக்கிறது. அப்போது தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் கிழியும். ஸ்பிரிட் தோலை வறளவைக்கும். அந்த இடத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பாரத்தை எடுப்பது. நானும் அந்த அம்மாவும் அன்போடு, ஒரு நாள் தவறாமல், அவருடைய புண்ணை வளர்த்திருக்கிறோம். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் நான் நடத்தும் பயிற்சி வகுப்பில் யாராவது ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தால் எனக்கு அந்தப் பத்தி ஞாபகம் வரும்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாசம் இருந்தால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இது கை பழக வேண்டிய வேலை. தச்சு வேலை மாதிரி, தறி வேலை மாதிரி, ஒருவர் செய்துகாட்டி இன்னொருவர் செய்துபார்த்துத்தான் வரும். நம் வீடுகளில் இதை யாருக்கும் யாரும் சொல்லித்தருவதில்லை.

நான் படித்தபோது முதுமை என்பது பாடப்புத்தகத்தில் சில பக்கங்கள். பிரசவத்துக்குத் தனித்தாள், குழந்தைகளுக்குத் தனி வார்டு, தனிப் பயிற்சி. கிழவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இத்தனைக்கும் இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது நம் மாநிலம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு 1996-ல் வந்தது. டாக்டர் நடராஜன் தமிழில் எழுதிய புத்தகங்களை நான் படித்தது வேலைக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆன பிறகு, நோயாளி வீட்டு அலமாரியில் ஒன்றைப் பார்த்து இரவல் வாங்கி. டாக்டர் பாஷை இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி எழுதியிருந்தார். முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலே நிமோனியா வரலாம், நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்கிற சங்கதியை முதன்முதலில் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வார்டில் இரண்டு வருஷம் நின்றவள் நான்.

அடுத்து என்னைத் திருப்பிப்போட்டது கோழிக்கோடு. 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் அங்கே வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது வளர்ந்து கேரளம் முழுக்க வீடுவீடாகப் போகும் இயக்கமாகிவிட்டது. சேமித்துவைத்த காசில் சில வாரம் தங்கி நர்ஸ்களுக்கான பயிற்சி எடுத்தேன். வகுப்பில் கேட்டதைவிட, வேனில் போய் வீடுகளில் பார்த்ததுதான் அதிகம் மனதில் நின்றது. ஒரு வீட்டில் நோயாளிக்குப் புண் கட்டியவர் நர்ஸ் கிடையாது. அந்தத் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். முறையாகக் கற்றிருந்தார். கை கழுவியதிலிருந்து கட்டை முடிச்சுப் போட்டது வரைக்கும் ஒரு தப்பும் இல்லை. எங்களோடு வேனில் வந்த நர்ஸ் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என் வேலை மாறிவிட்டது. அதுவரை நான் போய்ச் செய்துவிட்டு வருவேன். இப்போது போய்ச் செய்யவைத்துவிட்டு வருகிறேன். நான் ஒரு வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம். மிச்சம் இருபத்துமூன்று மணி நேரம் அங்கே இருப்பது மருமகளோ மகனோ பேத்தியோதான்.

முதல் பாடம் எப்போதும் புரட்டுவது. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் பார்ப்பது ஒரே காட்சி. மகன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார். அப்பா வலியில் முனகுவார். இடுப்பு கட்டிலில் உரசிக்கொண்டே மேலே போகும். செத்துக்கிடக்கும் தோள்மூட்டு பிசகும், மகனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் சொல்வேன்: "தூக்காதீங்க, உருட்டுங்க."

ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடிக்கச் சொல்வேன். வேட்டியானாலும் சரி. சுருக்கம் இல்லாமல், தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற அகலம். நோயாளியின் தூரத்துக் காலை மடக்கி, தூரத்துக் கையை மார்மேல் வைத்து, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலுமாகத் தன் பக்கம் மெல்ல உருட்ட வேண்டும். தலை தானாக வரும். உருண்டதும் புடவையைப் பாதி சுருட்டி முதுகை ஒட்டிச் செருகி, மறுபக்கம் உருட்டிச் சுருளை இழுத்துவிட்டால் துணி அடியில் விரிந்துவிடும். இனி மேலே நகர்த்தவோ ஓரத்துக்கு இழுக்கவோ உடம்பைத் தொட வேண்டியதே இல்லை. ஆளுக்கொரு பக்கம் துணியை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, கொஞ்சம் தூக்கினாற்போல் நகர்த்தினால் எண்பது கிலோ ஆளும் நகர்வார். தோல் உரசாது.

ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது முழுசாகப் பக்கவாட்டில் நிறுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் பாரம் முழுக்க இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து, பாதிக்கும் குறைவாகச் சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். தண்ணீர் மெத்தை, காற்று மெத்தை வாங்கியிருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மெத்தை வாங்கிப்போட்டுவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்திய வீடுகளில்தான் பெரிய பெரிய புண்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் விற்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றி இருக்கிற தோலில் அழுத்தம் ஏறும்.

புண் வருகிறதா என்று எப்படித் தெரியும்? புத்தகங்களில் சிவப்பு நிறத்தைத் தேடச் சொல்லியிருக்கும். நம் ஆட்களின் கறுத்த முதுகில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சுடும், அல்லது சில்லிட்டிருக்கும். தொட்டால் கல் மாதிரி இறுகியிருக்கும், இல்லை சதை கொழகொழப்பாக இருக்கும். சுற்றியுள்ள தோலைவிட ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்திருக்கும். மாநிறமான உடம்பு என்றால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்தின இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது.

இதை வாயால் சொல்லிவிட்டு வர மாட்டேன். முதல் நாள் நான் செய்வேன், மறுநாள் நாங்கள் சேர்ந்து செய்வோம், மூன்றாம் நாள் அவர்கள் செய்ய நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அனுப்பானடியில் ஒரு பேரன், பிளஸ் ஒன் படிக்கிற பையன், தன் அப்பத்தாவை மூன்றாம் நாள் அவ்வளவு நேர்த்தியாகப் புரட்டினான். அப்பத்தாவுக்குப் பேச்சு வராது. இடது கையால் அவன் கன்னத்தைத் தடவினார்.

சோறூட்டுவதும் இப்படித்தான். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்தால் எனக்கு உயிர் போய்விடும். விழுங்கும் சக்தி குறைந்தவருக்குக் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கும். இருமல் வந்தால் தெரியும், சிலருக்கு இருமலும் வராது. நாலு நாள் கழித்து மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை மார்பைப் பார்க்கும்படி லேசாகத் தலையைக் குனியவைத்து, சின்ன ஸ்பூனில், வாயில் இருப்பது இறங்கிய பிறகு அடுத்தது என்று கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. வெறும் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அது வேகமாக ஓடும். எந்தப் பதத்தில் எது கொடுக்கலாம் என்பதை விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். வாயைச் சுத்தமாக வைப்பது பாதிக் காவல். பல்செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நடமாடிக்கொண்டிருப்பவர்களின் வீட்டில் என் முதல் வேலை மஞ்சள் பையைத் தரையில் கொட்டச் சொல்வது. எல்லா வீட்டிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும், அதில் நாலைந்து வருஷத்து மாத்திரைகள் இருக்கும். வில்லாபுரத்தில் ஒரு பெரியம்மா, எழுபத்தாறு வயது. சாயங்காலமானால் பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, சில நாள் வேர்த்து ஊற்றுகிறது. மறதி நோய் என்று ஒருவர் சொன்னாராம். காத்துக்கருப்பு என்று கயிறும் கட்டியாகிவிட்டது. பையைக் கொட்டினேன். சர்க்கரைக்கு அரசு சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரை ஒரு அட்டை. தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்தது இன்னொரு அட்டை, வேறு கம்பெனி, வேறு பெயர். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டும் கிளிமிபிரைடு. இரண்டையும் இரண்டு வேளையும் போட்டுக்கொண்டு, வாய்க்கு ருசியில்லை என்று மதியம் அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாலை குழறத் தொடங்கிய நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில், "நீ எப்பம்மா வந்தே?" என்று என்னைக் கேட்டார். டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரையைக் குறைத்த பிறகு அந்தக் குழறல் வரவில்லை.

இதில் அந்தப் பெரியம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு டாக்டர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கவில்லை. பொடி எழுத்தைப் படிக்கிற கண் அந்த வீட்டில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பையோடு அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஒரே டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். நாட்டு மருந்து, வலி மாத்திரை, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது எல்லாம் சேர்த்து.

திடீர்க் குழப்பம் வேறு, மறதி நோய் வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சும். நேற்று வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு உளறுகிறார் என்றால் அது வயசுக் கோளாறு இல்லை. சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, சர்க்கரை இறங்கியது, உப்பு குறைந்தது, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, தலையில் அடி, இப்படி ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். ஏமாந்துவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். திருநகரில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். சாயங்காலம் ஐந்து மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார், டூட்டிக்கு நேரமாகிவிட்டது, டிப்போவுக்குப் போக வேண்டும் என்று. "நீங்க ரிட்டயர் ஆகிப் பதினெட்டு வருஷமாச்சு மாமா" என்று மருமகள் சொல்வார். அவருக்குக் கோபம் தலைக்கேறும். மகன் கதவைப் பூட்டுவார். அவர் கதவை உதைப்பார். தினம் இதே சண்டை. எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள் என்று நான் பயிற்சியில் கற்றிருந்தேன். ஆனால் வழி கண்டுபிடித்தது அந்த மருமகள்தான். பரணில் கிடந்த தோல் பையை இறக்கித் துடைத்து, அதில் சில்லறைக் காசு நிறையப் போட்டு, நாலரை மணிக்கே அவர் முன்னால் வைத்தார். "மாமா, கணக்கு முடிக்கணுமாம், எண்ணித் தாங்க." அவர் ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து ரூபாய் தனியாக அடுக்கினார். விரல் அப்படியே பழைய வேகத்தில் ஓடியது. எண்ணி முடித்து, "சரியா இருக்கு" என்று பையை மூடித் தந்தார். விளக்கு ஏற்றி, டீ கொடுத்து, உட்காரவைத்தார்கள். எல்லா நாளும் இது பலிக்கவில்லை. பெரும்பாலான நாள் பலித்தது. இப்போது என் வகுப்பில் இதை அந்த மருமகள் கண்டுபிடித்த முறை என்றே சொல்லித்தருகிறேன்.

மறதி நோய்க் குடும்பங்களுக்காக 1992-ல் கேரளத்தில் தொடங்கிய அமைப்புக்கு சென்னையிலும் கிளை இருக்கிறது. சென்னை ஸ்கார்ப் மனநல நிறுவனமும் இதற்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்கென்று 'ஐசப்போர்ட்' என்ற பாடத்தைத் தயாரித்து இலவசமாகத் தருகிறது. தேடிப் போனால் கிடைக்கிறது. தேடிப் போக வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

விழுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்பார்கள். நான் போய்ப் பார்த்தால் பாதி பேர் பாத்ரூமுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே விழுந்திருப்பார்கள். ராத்திரி மூத்திரம் முட்டி எழுந்து, படுத்தவர் சட்டென்று நின்றதில் ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டி, விழுகிறார்கள். படுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை, நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுந்தவுடன் கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பத்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பிறகு நிற்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் ஒரு சின்ன விளக்கு. ஓரம் சுருண்ட கால்மிதியைத் தூக்கி எறியுங்கள். உப்புத் தண்ணீர்க் கறை படிந்து வழவழத்துப்போன தரையை வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். புரை விழுந்த கண்ணோடு நடமாட விடாதீர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 58 வயதில் பணி ஓய்வு பெற்று, 1976-ல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. இங்கே ஒருவர் கண் தெரியாமல் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் எனக்குத் தாங்காது.

என் பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் அளந்து தரையில் சாக்பீசால் கோடு போடுவேன். எழுந்து, கோடு வரைக்கும் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்ப்பேன். பன்னிரண்டு வினாடிக்குள் முடித்தால் நல்லது. அதற்கு மேல் போனால் விழும் ஆபத்து இருக்கிறது. இதற்கு மருந்தே கிடையாது, காலுக்குப் பலம் ஏற்றுவதுதான் வழி. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் வீட்டிலேயே செய்கிற பயிற்சிகளை வகுத்து, விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டினார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்துப் பத்து வினாடி நிற்பது. ஆரப்பாளையத்தில் முதியோர் உதவித்தொகை வாங்கும் ஆறு பாட்டிகள் கோயில் திண்ணையில் சேர்ந்து செய்தார்கள். ஒருவர் எண்ணுவார், மற்றவர் செய்வார். தனியாகச் செய்யச் சொன்னால் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டமாகச் செய்தால் நிறுத்துவதில்லை, வராதவரை வீட்டுக்கே போய்க் கூப்பிடுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டிருக்கிறது. என் ஆசை எல்லாம், மாத்திரை கொடுக்க வருகிற அந்தத் தன்னார்வப் பெண்ணுக்குப் புரட்டுவதும் ஊட்டுவதும் மஞ்சள் பையைக் கொட்டுவதும் சேர்த்துச் சொல்லித்தரப்பட வேண்டும் என்பதுதான். அவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர்கள் அவரை நம்புகிறார்கள்.

வீடுகளில் பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம் தங்கி வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோம் நர்ஸ் என்று அனுப்புகிறார்கள். ஒரு ஏஜென்சி ஒரு பெண்ணை இரண்டு நாள் பயிற்சி கொடுத்து மூக்குக்குழாய் போட்ட நோயாளியிடம் அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். குழாய் வெளியே வந்துவிட்டது. அவளே திரும்பச் செருகப் பார்த்திருக்கிறாள். நல்ல நேரம், நான் போய்ச் சேர்ந்தேன். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த பெண். குடும்பம் கொடுக்கும் பணத்தில் கால்வாசியை ஏஜென்சி பிடித்துக்கொள்கிறது, அவளுக்குச் சொல்லித்தர மட்டும் யாருக்கும் நேரமில்லை. இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கென்றே பயிற்சிகள் நடத்துகிறது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி இருக்கிறது. சான்றிதழோடு வந்தால் சம்பளம் பேசும்போது குரல் நிமிரும், நோயாளிக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. வேலைக்கு வைக்கும் குடும்பங்கள் அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவும் படுக்க ஒழுங்கான இடமும் கொடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரின் உடம்பை யாரும் கேட்பதில்லை. மாமியாருக்கு மருந்து வாங்க வந்த மருமகளிடம் பிரஷர் பார்த்தால் 170 இருக்கும். தூக்கமே இல்லை என்பார். யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருப்பார். வாரத்தில் ஒரு நாள் நாத்தனாரோ கொழுந்தனோ வந்து உட்கார்ந்து, அவரைக் கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ அனுப்புங்கள் என்று நான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதியே கொடுத்திருக்கிறேன். சில வீடுகளில் அது நடந்தது.

கவனிப்பு கிடைக்காமல், அடி வாங்கிக்கொண்டு, சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு விழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை கட்டணமில்லாமல் பேசலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம், பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பல வீட்டுக் காலண்டரில் ஒட்டியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பில்லையும் மருந்தையும் வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். வார்டு சிஸ்டரிடம் போய், "எப்படிப் புரட்டணும், எப்படி ஊட்டணும், எந்த அறிகுறி வந்தா ஓடி வரணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். அவர் செய்துகாட்டியதை அவர் கண் முன்னால் உங்கள் கையால் ஒரு தடவை செய்துபாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.